நாற்பத்தாறு

சிவரக்கோட்டைக்குத் தெற்கே
கரிசலுக்கு நடுவில் என் கேட்.
ஒரு தொலைபேசி, ஒரு பதிவேடு,
சக்கரத்தைச் சுற்றினால் இறங்கும் இரண்டு கம்பங்கள்.

மணி அடிக்கும்.
"தூத்துக்குடி கூட்ஸ் வருது, கேட் மூடுங்க."
மூடுவேன். பூட்டுவேன்.
தாளில் அடுத்து நிற்கும் எண்ணைச் சொல்லி
அதன்மேல் கோடு கிழிப்பேன்.
அந்த எண்தான் என் சத்தியம்.
இரண்டே இலக்கம்.
ஐம்பத்தெட்டு வேகனும் அதை நம்பி வரும்.

எதிர்முனையில், கள்ளிக்குடியில், மஹதோ.
தர்பங்கா பக்கத்து ஆள். முகம் பார்த்ததில்லை.
தமிழை எண்களிலிருந்தே தொடங்கினார்.
எழுபத்தொன்பது அவர் வாயில் எலுபத்தொம்பது.
எண்பத்தொன்பதா என்று கேட்டால்
"ஏலு, அப்பறம் ஒன்பது, மேடம்" என்பார்.
ஓரெழுத்து பிசகினால்
உர மூட்டையும் நிலக்கரியும் எங்கே போய் விழும் என்று
இருவருக்கும் தெரியும்.
எதையும் இருமுறை சொல்வோம்.

போன மாசியில் இரண்டாம் பாதைக்கு ஜல்லி கொட்டினார்கள்.
மஞ்சள் இயந்திரம் ஒன்று
ஸ்லீப்பர்களுக்கு இடையே இரும்பு விரல்களை விட்டு
குத்திக் குத்தி நடந்துபோனது.
கேபிள் குழி தோண்ட வந்தவர்கள்
என் குடத்தைக் காலி செய்தார்கள்.
கடைசியாக வந்தவர் சிக்னல் இன்ஜினியர் ஆக்னஸ்,
திண்டுக்கல்காரர், மடியில் லேப்டாப்.
விடியற்காலை நாலு மணிக்குச் சொன்னார்:
"ரயிலுக்குச் சிக்னல் விழுந்துட்டா
இந்தச் சாவி திரும்பாது. திருப்பிப் பாருங்க."
திருப்பினேன்.
"இன்னும் பலமா."
இரும்பு அசையவில்லை.
"இனிமே உங்க கையில இல்ல ஒச்சம்மா" என்று சிரித்தார்.

ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தேன்.

மூன்று வருஷத்துக்கு முந்தைய ஐப்பசி.
மழை. இரவு இரண்டே கால்.
நாற்பத்தாறைச் சொல்லி முடித்துக் கோடும் கிழித்தாயிற்று.
ஓர் ஆட்டோ வந்து நின்றது.
உள்ளே இருந்தவள் கத்தவில்லை.
அதுதான் என்னைப் பயமுறுத்தியது.
கம்பியைப் பிடித்த கை மட்டும் தெரிந்தது,
முழங்கை வரை வளைகாப்பு வளையல்.
கூட வந்தவன் கும்பிட்டான்.
தெற்கே வளைவில் வெளிச்சம் இல்லை.
இன்னும் இல்லை.
திறந்தேன்.

தண்டவாளத்துக்கு நடுவில்
பின்சக்கரம் ஒரு தரம் வழுக்கியது.
அந்த ஒரு தரத்தை
நான் இன்னும் எண்ணி முடிக்கவில்லை.

ஆட்டோ போனது. மூடினேன். வெளிச்சம் வந்தது.
டிரைவருக்குப் பச்சை விளக்கைக் காட்டினேன்,
விளக்கு நடுங்கியதை
மழை என்று அவர் நினைத்திருக்கலாம்.
பதிவேட்டில் அந்த வரி ஒழுங்காகத்தான் இருக்கிறது.
மூடிய நேரம், எண், கையெழுத்து.

பிள்ளை பிறந்ததா, எந்த ஊர், தெரியாது.
மூன்று வயசுக் குழந்தை எது கேட்டைக் கடந்தாலும்
தாயின் கையைத்தான் பார்ப்பேன்,
வளையல் எப்போதோ உடைந்திருக்கும் என்று தெரிந்தும்.

இந்தச் சாவி அன்றைக்கு இருந்திருந்தால்
அந்தச் சக்கரம் வழுக்கியிருக்காது.
அதற்குமேல் கணக்கு ஓடவில்லை.
ஆக்னஸிடம் கேட்கலாம் என்று நிமிர்ந்தேன்.
லேப்டாப்பை மூடிவிட்டு
வடை எங்கே நல்லாயிருக்கும் என்றார்.

காலையில் முதல் கூட்ஸ்.
பருத்தி மாறு ஏற்றிய டிராக்டர்காரன் ஹாரனில் கையை வைத்தான்.
"ஏம்மா, ரயிலு கள்ளிக்குடியவே தாண்டல,
தெறந்து விடுறது!"
கையை விரித்தேன்.
ஆறு வருஷத்தில் முதல்முறை, பொய்யில்லாமல்.
விரித்த கையில் ஒன்றுமில்லை என்று அவனும் பார்த்தான்,
நானும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயந்தரம் மணி அடித்தது.
எண் கேட்கும் வேலை இனி இல்லை.
"சும்மாதான் மேடம். எழுபத்தொன்பது. சரியா?"
ழகரம் சுத்தமாக வந்து விழுந்தது.
சரி என்றேன்.
"நீங்க ஒண்ணு சொல்லுங்க."

வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு
அறுபத்திரண்டு என்றேன்.
இருமுறை சொன்னேன்.